பீரோ கதவில் இசக்கியின் பொட்டு

பொன்செல்வி பயந்த சுபாவம். அதை அவரே ஒத்துக்கொள்வார். தன்னிடம் படிக்கும் பிள்ளைகளுக்குப் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வரும் நாளில் செல்போனை அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடி, அந்த டப்பா மேலேயே உட்கார்ந்துகொள்வார். பரீட்சை எழுதிய பிள்ளைகள் இரும்பு ஏணியில் தடதடவென்று ஏறி வந்து பாஸ் என்று சொன்ன பிறகுதான் எழுந்திருப்பார். ஃபெயிலான பிள்ளையின் தாய் தேறிவிடுவாள், இவர் தேற மாட்டார். ஒரு வாரம் சோறு இறங்காது.

மும்பையில், தாராவி கிராஸ் ரோட்டுக்குப் பின்னால் எங்கள் சந்தில் அவருடைய மாடியறை இருக்கிறது. கணவர் வடாலாவில் ஒரு கோடவுனில் வேலை. அவர் கிளம்பிப் போனதும் பாயைச் சுருட்டினால் வீடு டியூஷன் ஆகிவிடும். முனிசிபல் தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பாதிப் பேர் அங்கேதான் கிடக்கும். பன்னிரண்டாவது வரை படித்த பொன்செல்வி எங்கள் சந்துக்கு டீச்சர்.

மாட்டுங்காவில் ஒரு தொண்டு நிறுவனம் இப்படி டியூஷன் எடுக்கும் பெண்களைக் கூப்பிட்டு வகுப்பு நடத்தியது. ஒவ்வொரு பிள்ளையும் பல வருடம் கழித்து என்னவாக வேண்டும் என்று இப்போதே முடிவு செய்யுங்கள், அந்தத் தூரத்தை வருடங்களாகப் பிரியுங்கள், எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று விடாமல் அளந்து பாருங்கள் என்றார்கள். அளக்காத லட்சியம் வெறும் ஆசைதான் என்று சொன்னது பொன்செல்விக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. சுவரில் சார்ட் ஒட்டச் சொன்னார்கள். எங்கள் சந்தில் மழைக்கு ஒழுகாத சுவர் ஏது? அந்த அறையில் நனையாமல் நேராக நிற்பது ஸ்டீல் பீரோ மட்டும்தான். அதன் கதவில் ஒவ்வொரு பிள்ளைக்கும் மார்க்கரால் ஒரு கோடு இழுத்தார். கோட்டின் உச்சியில் லட்சியம், இடையில் வகுப்பு வகுப்பாகப் படிகள். நெற்றிப் பொட்டைக் கழற்றிக் கண்ணாடியில் ஒட்டுவதுதான் நம் பெண்களுக்குப் பழக்கமாயிற்றே. ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை எடுத்துக் கோட்டின் அடியில் ஒட்டிவிட்டு, பிள்ளை முன்னேற முன்னேற மேலே ஏற்றிக்கொண்டே போனார்.

சந்துக்கே அது பெரிய வேடிக்கை ஆனது. தண்ணீர் பிடிக்க வருகிறவர்கள்கூட ஏணியில் ஏறி யார் பொட்டு எங்கே இருக்கிறது என்று எட்டிப் பார்ப்பார்கள். பேச்சிராஜா என்ற பையன் எலக்ட்ரீஷியன் ஆகவேண்டும் என்று சொன்னான், அதையே எழுதினார் பொன்செல்வி. அவன் அம்மா வந்து மூக்கைச் சிந்திச் சிந்தி அதை இன்ஜினியர் என்று மாற்ற வைத்துவிட்டுத்தான் இறங்கினாள். அவனோ ஸ்விட்ச் போடக்கூடப் பயப்படுகிற பிள்ளை.

வெள்ளிக்கிழமைதான் அளக்கும் நாள். பிள்ளைகள் ஒவ்வொருவராகப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு உரக்க வாசிக்க வேண்டும். பொன்செல்வி சப்பாத்தி தேய்த்தபடி கண்ணை மூடிக் கேட்பார். திக்கினால் பொட்டு நகராது. திக்காமல் வாசித்தால் ஏறும்.

அப்படி எல்லாரையும்விட மேலே ஏறியது இசக்கியின் பொட்டு. சுடலைக்கண்ணனின் ஒரே மகள். கோட்டின் உச்சியில் நர்ஸ் என்று எழுதியிருந்தது. அவள் வாசித்தால் ரேடியோவில் செய்தி படிப்பதுபோல இருக்கும். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, பக்கம் புரட்ட வேண்டிய இடத்தில் புரட்டுவாள். பொன்செல்விக்குச் சப்பாத்தி தேய்க்கிற கை அப்படியே நின்றுவிடும்.

சுடலைக்கண்ணன் தோல் பை தைக்கும் கார்கானாவில் வேலை செய்கிறவர். எழுதப் படிக்கத் தெரியாது. அந்த அறையில் அவருக்குப் புரிந்தது அந்தப் பொட்டு ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து பீரோவைப் பார்த்துவிட்டு, டீயைக்கூடக் குடிக்காமல் சந்தோஷமாகப் போவார். உல்லாஸ்நகரில் துணிக்கடை வைத்திருக்கும் அவருடைய அண்ணன், பெண்ணை அனுப்பு, கடையையும் என் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ளட்டும் என்று போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தார். இசக்கியின் பள்ளிக்கூடம் ஏழாவதோடு முடிகிறது. மாட்டுங்காவில் ஒரு நல்ல பள்ளிக்கூடத்தில் எட்டாவது சேர வாசிப்புப் பரீட்சை வைப்பார்கள். அதில் தேறினால் படிக்கட்டும், இல்லையென்றால் உல்லாஸ்நகர்தான் என்று சுடலைக்கண்ணன் அண்ணனுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். பொட்டைப் பார்த்த தைரியத்தில் கொடுத்த வாக்கு அது.

பரீட்சைக்குக் கொஞ்ச நாள் முன்பு ஒரு வெள்ளிக்கிழமை கோதுமை மாவு தீர்ந்துவிட்டது. பொன்செல்விக்குக் கையில் வேலை இல்லை. இசக்கி அறிவியல் பாடத்தைக் கணீரென்று வாசித்துக்கொண்டிருந்தாள். சும்மா அவள் பின்னால் போய் நின்று எட்டிப் பார்த்தார். எல்லாப் புத்தகத்துக்கும் ஒரே காக்கி அட்டை. இசக்கி கையில் விரித்திருந்தது வரலாற்று கைடு. வாயிலிருந்து வந்துகொண்டிருந்தது இதயமும் இரத்த ஓட்டமும்.

பொன்செல்வி மற்ற பிள்ளைகளை ஏதோ சொல்லி அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"என்னட்டி இது?"

இசக்கி அழவில்லை. ரொம்ப நாளாக இதை எதிர்பார்த்தவள்போலத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஒத்த எழுத்து தெரியும்க்கா. சேத்து வாசிக்க வரல. எல்லாரும் படிக்கயில கேட்டுக்கிடுவேன். சொன்னா பொட்டு கீழ போயிருமேன்னு பயமா இருந்துச்சு."

இரண்டாம் வகுப்பில் மஞ்சள் காமாலை வந்து ஊரில் போய்க் கிடந்திருக்கிறாள். எழுத்துக் கூட்டக் கற்றுக்கொடுத்ததெல்லாம் அந்த வருடம்தான். திரும்பி வந்தபோது வகுப்பு வெகுதூரம் போய்விட்டது. அவளுக்குக் காது கூர்மை. கீழ் வகுப்புகளில் யாரையும் ஃபெயிலாக்குவதும் இல்லை; காதை வைத்தே ஏழாம் வகுப்புவரை வந்துவிட்டாள். காதை மட்டும் வைத்தே பொன்செல்வியும் அளந்திருக்கிறார்.

அன்றிலிருந்து பொன்செல்விக்குத் தூக்கம் போயிற்று. வாசிப்புப் பரீட்சையில் ஏழாம் வகுப்புப் புத்தகத்திலிருந்துதான் ஒரு பாடம் கொடுப்பார்கள். இசக்கிக்கு அந்தப் புத்தகம் முழுவதும் தலைகீழ்ப் பாடம். தலைப்பில் இருக்கும் படத்தைப் பார்த்தாலே கடகடவென்று சொல்லிவிடுவாள். தேறிவிடுவாள். யாருக்கும் தெரியப்போவதில்லை. உல்லாஸ்நகர் இல்லை, அவமானம் இல்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

வாயை மூடிக்கொண்டுதான் இருந்தார். தலைவலிக்கு மாத்திரை போட எடுத்தபோதுதான் அது உறைத்தது. மாத்திரைப் பட்டையின் பின்னால் இருந்த பொடி எழுத்தைக் கண்ணைச் சுருக்கிப் படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். உச்சியில் நர்ஸ் என்று எழுதியது அவர் கைதான். நாளைக்கு ஏதோ ஒரு ஆஸ்பத்திரியில் இசக்கி கையில் இப்படி ஒரு பட்டை இருக்கும். எது எந்த மருந்து என்று யார் அவளுக்கு உரக்கப் படித்துக் காட்டுவார்கள்? ரிசல்ட் பயமெல்லாம் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை சுடலைக்கண்ணன் மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். பரீட்சைக்குப் போட்டுக்கொள்ளப் புதுச் செருப்பு வாங்கியிருந்தார். பொன்செல்வி அதைக் கையில் வாங்காமலே சொல்லிவிட்டார்.

"அண்ணாச்சி, இவளுக்கு வாசிக்கத் தெரியாது. கேட்டுக் கேட்டு ஒப்பிக்கா. நான் கண்ண மூடிக்கிட்டு அளந்துட்டேன். தப்பு என் பேர்லதான்."

சுடலைக்கண்ணன் கத்துவார், பீரோவை உதைப்பார் என்றெல்லாம் பொன்செல்வி நினைத்திருந்தார். அவர் பொட்டைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். உட்கார இடம் தேடுகிறவர்போலச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப நான் வாராவாரம் எதப் பாத்துட்டுப் போனேன்?"

பரீட்சைக்கு இந்த வருடம் அனுப்ப வேண்டாம், எட்டாவது இருக்கிற வேறொரு முனிசிபல் பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாம், வாசிக்க நான் கற்றுக்கொடுக்கிறேன், இவ்வளவு கேட்டு மனதில் வைத்த பிள்ளைக்கு எழுத்தும் வரும் என்று பொன்செல்வி தயங்கித் தயங்கிச் சொன்னார். வரும் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று சுடலைக்கண்ணன் கேட்கவில்லை. அலமாரியில் கைக்கு வந்த ஒரு புத்தகத்தை உருவினார். சின்ன வகுப்புப் புத்தகம். நடுவில் எங்கோ விரித்து மகளிடம் நீட்டினார். வாசி என்றார்.

இசக்கி எழுத்தைத் தொட்டுத் தொட்டு, ஆற்றின் என்று கூட்டுவதற்குள் கழுத்தில் வேர்த்துவிட்டது. கரையில் என்றாள். நாணல் என்பதை நாணயம் என்றாள். ரேடியோக் குரல் எங்கே போனதென்று தெரியவில்லை. ஒரு வரி முடிவதற்குள் மூன்று பேருக்கும் மூச்சு வாங்கியது.

"சரியா சொன்னாளா டீச்சரம்மா?"

சரிதான் என்று சொல்ல நாக்கு வரை வந்துவிட்டது. "ஒரு எடத்துல தப்பு அண்ணாச்சி."

சுடலைக்கண்ணன் நகத்தால் பொட்டைக் கிளப்பி எடுத்தார். எங்கே ஒட்டவேண்டும் என்று கேட்டார். பொன்செல்வி கோட்டின் அடியைக் காட்டினார். குனிந்து ஒட்டினார். பசை போயிருந்ததால் விழுந்துவிட்டது. பொன்செல்வி பொட்டு அட்டையிலிருந்து புதிதாக ஒன்றை எடுத்துக் கொடுக்க, அதைக் கட்டைவிரலால் நன்றாக அழுத்தினார்.

"அண்ணன்ட்ட நான் சொல்லிக்கிடுதேன். ஆனா வாராவாரம் வாசிக்க வேண்டிய பக்கத்த நாந்தான் எடுப்பேன்."

அவர்கள் ஏணியில் இறங்கிப் போன பிறகும் பொன்செல்விக்குப் பதற்றம் அடங்கவில்லை. பீரோ கதவு முழுக்கப் பொட்டுகள். எல்லாம் அவர் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றியவை. மறுநாள் டியூஷன் தொடங்கியதும் ஒரு புத்தகத்தை எடுத்து நடுப்பக்கத்தை விரித்தார். பேச்சிராஜாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்து, வாசிக்கச் சொன்னார்.