டன்வெல்லின் கடைசி மனுஷி

டன்வெல்லில் கடைசியாக மிஞ்சியவர் எனிட் ஹாலோரன். ஆஸ்பெஸ்டாஸ் சுரங்கத்துக்காகச் செம்மண் காட்டின் நடுவே எழுந்த ஊர் அது. சுரங்கத்தை மூடிய பிறகும் நீல நார்த்தூள் போகவில்லை. பள்ளி மைதானத்தையும் சாலையோரங்களையும் அதைக் கொட்டித்தான் நிரவியிருந்தார்கள். மூச்சோடு உள்ளே போனால் வருஷங்கள் கழித்து நுரையீரலை அரிக்கும். எனிட்டின் கணவர் லெஸ் அப்படித்தான் போனார்.

அரசாங்கம் வீடுகளை விலைக்கு வாங்கி இடித்தது. மின்சாரத்தை நிறுத்தியது. எனிட் அசையவில்லை. பக்கத்து ஊரிலிருந்து தண்ணீரும் சாமான்களும் ஜெனரேட்டருக்கு டீசலும் கொண்டுபோய் இறக்குவது என் வேலை. முகமூடியோடு இறங்குவேன். கொள்ளையடிக்க வந்தவன் மாதிரி இருக்கிறாய் என்று கேலி செய்வார். மகள் லினெட் பெர்த்தில் இருந்தாள். குழந்தை பிறந்த பிறகு அவள் அந்தப் பக்கம் வரவே இல்லை. எனிட் சமையலறையில் ரேடியோவை உரக்க வைத்து, செய்தி வாசிப்பவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார். நான் வாசலில் நிற்பது தெரிந்தால் சட்டென்று நிறுத்திவிடுவார்.

பிறகு, அந்த ஊரில் யாரும் குடியிருக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. சொல்ல வந்தவன் என்னோடு பள்ளியில் படித்த கீத், எங்கள் ஊர் போலீஸ்காரன். நான் தண்ணீர் இறக்கிக்கொண்டிருந்தேன்.

"எனிட், இனிமே இது வேண்டுகோள் இல்ல. மாசக் கடைசிக்குள்ள நீங்க கிளம்பலன்னா நானே வந்து தூக்கிட்டுப் போகணும்."

"எதுக்கு?"

"உங்க நல்லதுக்குத்தான்."

"லெஸ் இந்தத் தூளைத் தின்னுக்கிட்டு வேலை செஞ்சப்போ ஒரு ஆபத்தும் இல்லன்னு சொன்னாங்களே. அப்ப ஏன் யாரும் அவரைத் தூக்கிட்டுப் போகல? நுரையீரல் என்னுது, கீத். அதுல உனக்கு என்ன வேலை?"

கீத் தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே நின்றான். நான் அடுத்த தண்ணீர் கேனை இறக்கப் போனேன்.

அடுத்த முறை நான் போனபோது மைதானத்தில் ஒரு வேன் நின்றது. ஊர் சுற்ற வந்த இளம் தம்பதி. அவர்களுடைய குழந்தை அந்த நீலத்தூளில் உட்கார்ந்து, கோப்பையால் அள்ளித் தன் தலையில் கொட்டிக்கொண்டிருந்தது. நான் இறங்குவதற்குள் எனிட் வெறுங்காலோடு ஓடிவந்து குழந்தையைத் தூக்கிவிட்டார். ஈரத்துண்டால் மூக்கையும் வாயையும் துடைத்தார். எச்சரிக்கைப் பலகையைப் பார்க்கவில்லையா என்று அப்பனைத் திட்டினார்.

"பார்த்தோம்," என்றான் அவன். "ஆனா உங்க கொடியில துணி காயுதே. ஆள் குடியிருக்கற ஊர்தானே, என்ன ஆகிடும்னு நெனச்சோம்."

வேன் போன பிறகு எனிட் கொடியில் இருந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்தார்.

மாசக் கடைசிக்கு முன்பே கீத்தை வரச் சொன்னார். தான் கிளம்புவதாகவும், அதற்காகச் சட்டம் சரி என்று ஆகிவிடாது என்றும் சொன்னார். போனால் போதும் என்றான் அவன்.

"போதாது. நீ தூக்கல, நானா நடந்து போறேன். உங்க ஆளுங்ககிட்ட அதைச் சொல்லு."

போலீஸ் வண்டியை வீட்டிலிருந்து தெரியாத இடத்தில் நிறுத்தச் சொன்னார். கீத் அப்படியே செய்தான். எனிட் என் வண்டியில் ஏறினார்.

இப்போது பெர்த்தில் ஓர் அடுக்குமாடியில் தனியாக இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் லினெட் பேரனை அழைத்து வருகிறாள். மற்ற நாட்களில் சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ இருமுகிறார்கள், சிரிக்கிறார்கள். பெயர் தெரியாது என்கிறார். டன்வெல்லில் இருக்கும் லெஸ்ஸின் கல்லறையைப் பார்க்க அனுமதி கேட்டார். ஊரைச் சுற்றி வேலி போட்டாகிவிட்டது, யாரையும் விடுவதில்லை என்று பதில் வந்தது.

போன தடவை பார்த்தபோது, கிளம்பியதற்காக வருத்தமா என்று கேட்டேன்.

"கிளம்பினது சரிதான். அந்தக் குழந்தைக்காகப் போனேன், அவங்களுக்காக இல்ல. அந்த வித்தியாசம் உனக்காவது புரியுதா?"

புரிகிறது என்றேன். அந்த வழியாகப் போனால் வேலிக்கு வெளியே கொஞ்ச நேரம் நிற்கச் சொன்னார். நிற்கிறேன். அங்கிருந்து கல்லறை தெரியாது. அதை இன்னும் அவரிடம் சொல்லவில்லை.