லைசென்ஸ் இல்லாத பெட்டி

வால்தம்ஸ்டோவில் நாங்கள் வைத்திருந்த முதல் தொலைக்காட்சிப் பெட்டிக்கு லைசென்ஸ் இல்லை. வெள்ளைக்காரர் நாட்டில் பெட்டி வைத்திருக்க வருடாவருடம் காசு கட்டி லைசென்ஸ் எடுக்கவேண்டும்; எடுத்திருக்கலாம். ஆனால் குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் எங்கள் அகதி வழக்கு முடியும்வரை எந்தப் படிவத்திலும் பெயர் எழுதக்கூடாது என்பது என் கணவர் போட்ட சட்டம். லைசென்ஸ் இல்லாதவர்களைப் பிடிக்க ஒரு வான் வண்டி தெருத்தெருவாகச் சுற்றுகிறது, பிடிபட்டால் வழக்கும் போய்விடும், திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று கோயிலில் யாரோ சொல்லியிருந்தார்கள். படிவத்துக்குப் பயந்து, அதைவிடப் பெரிய பயத்தை வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்த கெட்டிக்காரர்கள் நாங்கள்.

என்றாலும் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அந்த மாரிகால மாலையில் அவர் வேலையால் வரும்வரை மாடி அறையில் தனியாக இருந்தேன். திரைச்சீலையை இழுத்து மூடி, சத்தத்தை நன்றாகக் குறைத்துவிட்டு உட்கார்ந்தேன். முதலில் கேள்வி பதில் போட்டி. பதில் தெரியாதவர்களும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு ஒரு கிழவர் ரோஜாச்செடியை எப்படி வெட்டுவது என்று காட்டினார். அடுத்து ஒரு சிங்கம் மானைத் துரத்தியது. ஆங்கிலம் தேவைப்படாத நிகழ்ச்சி அது ஒன்றுதான். மான் தப்பிவிட்டது. அதன்பின் நகைச்சுவை நாடகம். ஒருவன் கதிரையிலிருந்து விழ, கண்ணுக்குத் தெரியாத கூட்டம் சிரித்தது. நானும் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

அப்போது கீழ்க்கதவு தட்டப்பட்டது.

ஊரில் இருட்டிய பின் கதவு தட்டப்பட்டால் என்ன செய்வோமோ அதையே செய்தேன். விளக்கையும் பெட்டியையும் அணைத்துவிட்டு, கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் குந்திக்கொண்டேன். மறுபடியும் தட்டு. பெட்டி சூடாக இருக்குமே, தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடுமே என்று ஊர்ந்துபோய் அதன் தலையில் ஈரத் துவாயைப் போட்டேன். காலடிச் சத்தம் விலகிப் போனது. கணவர் வரவேண்டிய நேரமும் தாண்டியது. தெருவில் வைத்தே அவரைப் பிடித்துவிட்டார்கள் என்று முடிவுகட்டி, இருட்டிலேயே இருந்து அழுதேன்.

ஒன்றரை மணி நேரம் கழித்து ஜன்னலில் ஒரு சிறு கல் பட்டது. எட்டிப் பார்த்தால், கீழே அவர், குளிரில் விறைத்துப்போய். ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன்.

"கதவுத் திறப்பை வேலையில விட்டிட்டன். முதல் தட்டினதும் நான்தான்," என்றார்.

"அப்ப ஏன் கூப்பிடேல்லை? உங்கட குரலைக் கேட்டா உடன திறந்திருப்பனே!"

"நான் தட்ட, மேல வெளிச்சம் நூந்திட்டுது. திருப்பித் தட்டியும் நீர் வரேல்லை. அவங்கள் உள்ளுக்க வந்து உம்மைப் பிடிச்சிட்டாங்கள் எண்டு நினைச்சன்."

"நினைச்சு?"

அவர் குனிந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். அதற்கு அவ்வளவு நேரம் பிடிக்காது.

"ஓடிட்டன்," என்றார். "ரயில் ஸ்டேஷன் வரைக்கும் ஓடினன். பிறகு வெக்கமாப் போச்சு."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என்னை விட்டுவிட்டு ஓடினீர்களா என்று கேட்க வாயைத் திறந்தேன். அவரைப் பிடித்துவிட்டார்கள் என்று நம்பி அழுத நேரம் முழுவதும், நானும் அந்தக் கதவைத் திறந்து ஒரு அடி வெளியே வைக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. தேத்தண்ணீர் வைக்கப் போனேன்.