எதிர்த்தரப்புக்காரர்

நாமக்கல் கோர்ட்டில் அவர் எங்களுக்கு எதிர்த்தரப்பு. அடுத்தடுத்த தோட்டங்களுக்குப் பொதுவான கிணற்றுத் தண்ணீருக்காக எங்கள் இரண்டு குடும்பங்களும் வழக்காடிக்கொண்டிருந்தன. எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான் என்பதால், வாய்தாவுக்கு அப்பாவோடு நான்தான் போவேன். அவரும் தம் அப்பாவுக்குத் துணையாக வருவார். ஒல்லியான ஆள், வெயிலில் கருத்த கழுத்து. அடுத்த வாய்தாத் தேதியை உள்ளங்கையில் எழுதிக்கொள்ளும் பழக்கம் அவருக்கு உண்டு.

முதலில் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டோம். பிறகு, கோர்ட் வராந்தாவில் நான் படிக்கும் நாவல்களை அவர் இரவல் வாங்கத் தொடங்கினார். அவர் வராத ஒரு வாய்தாவன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

கடைசியில் சமரசம் ஆயிற்று. ஒப்பந்தத்தை நான்தான் எழுதினேன், வக்கீலே பாராட்டினார். கையெழுத்தானதும் அவர் என் நாவலைத் திருப்பிக் கொடுத்தார்.

“இதுல சண்டக்காரங்க ரெண்டு பேரும் கடசியில கட்டிக்கிறாங்க. நெசத்துல அப்படி நடக்குமாங்க?”

கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தார். அவர் கேட்பது எனக்குப் புரிந்தது. ஆனால் வழக்கை முடித்துவைத்த பெருமையில் இருந்த எனக்கு இறங்கி வர மனமில்லை.

“கதையிலதானுங்க நடக்கும்.”

“அதுஞ் சரிதானுங்க. அப்ப நான் வாரேன்.”

தண்ணீர் ஒரு நாள் எங்களுக்கு, மறுநாள் அவர்களுக்கு என்று எழுதியிருந்தேன். இனி அவர்கள் முகத்தில் விழிக்க வேண்டியதில்லை என்று அப்பா இன்றும் மெச்சுகிறார். அவர்கள் முறை வரும் நாட்களில் மோட்டார் ஓடுவது எங்கள் வீடுவரை கேட்கிறது. அதைப் போடுவது அவர்தானா என்று எனக்குத் தெரியவில்லை.