ஆழத்தாரைக் கெடுத்த அத்தியாயம்

சின்னத்தாயிக்கு நடந்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. மர்பி டவுன் தமிழ்ப் பள்ளியில் அவள் மூன்றாம் வகுப்பு டீச்சர், நான் இரண்டாம் வகுப்பு. இரண்டு வகுப்புக்கும் நடுவே ஒரு மூங்கில் தட்டிதான். அவள் சொன்ன கதைகளை என் பிள்ளைகளும் கேட்டார்கள், நானும் கேட்டேன்.

அவள் கோலார் தங்கவயலில் பிறந்தவள். அவளுடைய அப்பா முனியப்பன் சுரங்கத்தில் பாறை சரிந்து செத்துப்போனவர். உயிரோடு இருந்தபோது வீட்டில் சொல்வாராம்: "ஆளுங்களை இறக்குற கூண்டு கீழ போயிட்டா இருட்டுல எவன் கையையும் எவனும் பிடிச்சுக்குவான். மேல வந்து டீக்கடைக்குப் போனா எனக்கு மட்டும் தனி கிளாஸ்." அந்தப் பேச்சிலிருந்துதான் ஆழத்தார் பிறந்தார்கள்.

ஆழத்தார் என்பவர்கள் பூமிக்கு அடியில், வெளிச்சமே நுழையாத குகைகளில் வாழ்கிற ஜனங்கள். எல்லாம் சின்னத்தாயியின் கற்பனை. எதிரே யாராவது வரும் சத்தம் கேட்டால் உள்ளங்கையை நீட்ட வேண்டும், வருகிறவர் தன் உள்ளங்கையை அதன்மேல் வைக்க வேண்டும், அதற்கப்புறம்தான் பேச்சு. குழந்தை பிறந்தால் ஊரார் எல்லார் கைக்கும் போகும். யார் கையில் அழுகையை நிறுத்துகிறதோ அவர் பேர் வைப்பார். சாப்பாட்டின் முதல் கவளத்தைப் பக்கத்தில் இருப்பவர் ஊட்டுவார். யாராவது செத்தால் தலைவர் முதலில் தோள் கொடுப்பார், பிறகு ஊரே மாறி மாறிச் சுமக்கும். வருஷத்தில் ஒரு நாள் மட்டும் முகத்திருநாள். ஒளிரும் பாசியைக் குவித்து வைத்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். "அட, இத்தனை நாள் பேசிக்கிட்டிருந்தேனே, உனக்கு இவ்ளோ பெரிய மூக்கா!" என்று ஒருவர் கேட்கும் இடம் வந்தால் வகுப்பே சிரித்து உருளும்.

பிள்ளைகள் அதைச் சும்மா விடவில்லை. காலையில் வாசலில் பார்த்ததும் கை நீட்டி உள்ளங்கை வைத்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். எங்கள் பள்ளியில் எல்லம்மா என்று ஒரு பெண். அவள் அம்மா தெரு கூட்டுகிறவள். அதுவரை எல்லம்மா பாயின் கடைசி ஓரத்தில் தனியாக உட்காருவாள்; பக்கத்தில் ஒரு ஆள் உட்காரும் இடம் எப்போதும் காலியாக இருக்கும். ஆழத்தார் கதை வந்த பிறகு யாரும் சொல்லாமலே அந்த இடம் நிரம்பியது.

ஐம்பத்தேழாம் வருஷம் பள்ளி ஆண்டு விழாவுக்கு சந்தானம் வந்தார். காக்ஸ் டவுனில் 'மணிக்கூண்டு' என்று சிறுவர் மாதப் பத்திரிகை நடத்தியவர். கதர் ஜிப்பா, மெல்லிய பேச்சு. மேடையில் சமத்துவம் பற்றி அருமையாகப் பேசினார். பிள்ளைகள் சொன்ன ஆழத்தார் கதையைக் கேட்டு, "டீச்சர், இதைத் தொடரா எழுதித் தாங்கோ" என்றார். சின்னத்தாயி ஒரே மூச்சில் எழுதிக் கொடுத்தாள். மாதாமாதம் படத்தோடு வந்தது. சேலத்திலிருந்தும் வேலூரிலிருந்தும் பிள்ளைகள் கடிதம் போட்டார்கள்.

சில மாதம் கழித்து ஒரு மத்தியான இடைவேளை. நாங்கள் இருவரும் வராந்தாவில் நின்றிருந்தோம். மைதானத்தில் பிள்ளைகள் ஏதோ புது விளையாட்டு விளையாடினார்கள். எல்லம்மா கையில் இரண்டு கூழாங்கல்லை வைத்து டக் டக்கென்று தட்டிக்கொண்டு சுவரோரமாக நடந்தாள். சத்தம் கேட்டதும் மற்றவர்கள் "வழி விடு, வழி விடு!" என்று விலகி ஓடினார்கள். எல்லம்மா சிரித்துக்கொண்டுதான் தட்டினாள். சேர்த்துக்கொண்டார்களே என்ற சிரிப்பு அது. அதை என்னால் பார்க்க முடியவில்லை.

சின்னத்தாயி இறங்கிப் போய் ஒரு பெண்ணைப் பிடித்து நிறுத்தினாள். "இது இன்னா ஆட்டம்?"

"கொட்டிகள் ஆட்டம் டீச்சர். எல்லம்மாதான் கொட்டி."

"யாரு சொல்லிக்குடுத்தாங்க?"

அந்தப் பெண் விழித்தாள். "நீங்கதானே எழுதியிருக்கீங்க டீச்சர்!"

எங்கள் இருவர் கையிலும் இன்னும் வராத இதழ் பிள்ளைகள் கைக்கு வந்திருந்தது. வாங்கிப் பார்த்தோம். ஆழத்தாரில் 'கொட்டிகள்' என்று ஒரு பிரிவாம். பிணம் தூக்குவது அவர்கள் வேலையாம். தூரத்துச் சுரங்கத்தில் குடியிருப்பார்களாம். வெளியே வந்தால் கல்லைக் கொட்டிச் சத்தம் செய்ய வேண்டுமாம், மற்றவர்கள் கை அவர்கள்மேல் பட்டுவிடாமல் விலகிக்கொள்வதற்கு. மேலே கொட்டை எழுத்தில் 'எழுதியவர்: சின்னத்தாயி'.

அவள் முகம் சாம்பலாகிவிட்டது. எல்லம்மாவின் கையிலிருந்து கற்களை வாங்கிச் சுவருக்கு அப்பால் வீசினாள். பள்ளி விட்டதும் நானும் கூடப் போனேன்.

சந்தானம் எங்களை மரியாதையாக உட்கார வைத்தார். காபி வரச் சொன்னார். சின்னத்தாயி உட்காரவில்லை.

"இது யார் எழுதினது?"

"நம்ம வைத்தீஸ்வரன்தான் கொஞ்சம் மெருகேத்தினார். கதை நன்னா இருக்கு டீச்சர், ஆனா ஒரு குறை. ஒரு ஜனம்னா மேல கீழ இருக்கணுமோ இல்லையோ? எல்லாரும் சமம்னா வாசகர்கள் நம்ப மாட்டா."

"மீன் பாட்டு பாடுறதை நம்பினாங்க. பாசி வெளிச்சம் குடுக்கிறதை நம்பினாங்க. கல்லு பிள்ளை பெத்துக்குதுன்னு எழுதினேன், அதையும் நம்பினாங்க. மனுஷனை மனுஷன் தொடுறதை மட்டும் நம்ப மாட்டாங்களா?"

"கற்பனைக்கும் ஒரு தர்க்கம் வேணும். இதுக்கு ஏன் இவ்வளவு கோபம்? இல்லாத ஜனம்தானே!"

"இல்லாத ஜனத்துக்குக்கூட ஒரு சேரி கட்டாம உங்களுக்குத் தூக்கம் வரலையா?"

அடுத்த இதழில் அது தன் எழுத்து இல்லை என்று போடச் சொன்னாள். அப்படிப் போட்டால் பத்திரிகையின் மானம் போகும் என்றார் அவர். அப்படியானால் இனி என் பேர் வரக் கூடாது என்றாள். அதற்கு மட்டும் சம்மதித்தார். மீதியை வைத்தீஸ்வரன் பேரில் போடுவதாகச் சொல்லி, நாங்கள் படி இறங்கும்போது எங்களுக்குக் கும்பிடு வேறு போட்டார். அந்தக் கும்பிடைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

மறுநாளிலிருந்து எல்லம்மா வரவில்லை. கற்களைப் பிடுங்கி எறிந்தபோதுதான் அந்த விளையாட்டு என்னவென்று அவளுக்குப் புரிந்திருக்கிறது. நாங்கள் வீட்டுக்குப் போனோம். அவள் அம்மா துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு, "படிக்க அனுப்பினா அங்கயும் இதேதான்னா, எதுக்கு டீச்சர்? எங்கூட வந்து கூட்டட்டும், நாலு காசாவது வரும்" என்றாள். சின்னத்தாயி தலை குனிந்து திரும்பி நடந்தாள். அச்சில் இருந்த பேர் அவளுடையதாயிற்றே.

அந்த ஞாயிற்றுக்கிழமை மர்பி டவுன் படிப்பகத்தில் அவள் ஆழத்தார் கதையை முதலிலிருந்து கடைசிவரை தன் வாயால் சொன்னாள். பெஞ்சு போதாமல் ஜனங்கள் தெருவில் நின்றார்கள். அச்சில் வந்த அத்தியாயத்தையும் வாசித்துக் காட்டி, "இதை நான் எழுதலை. இப்படி ஒரு ஊரை நான் கனவுலகூடக் கட்ட மாட்டேன்" என்றாள். கடைசி வரிசையில் எல்லம்மாவும் அவள் அம்மாவும் இருந்தார்கள்.

யார் போய்ச் சொன்னார்களோ, 'சாதித் துவேஷம் பேசும் ஆசிரியை' என்று மேலே புகார் போய்விட்டது. துவேஷம்! கல்லைக் கையில் கொடுத்தவருக்கு மாலை மரியாதை. கல்லைப் பிடுங்கியவளுக்கு மாற்றல். பொம்மனஹள்ளிக்குத் தூக்கிப் போட்டார்கள். அப்போது அது ஓசூர் ரோட்டில் ராகிக் கொல்லைகளுக்கு நடுவே இருந்த கிராமம். எங்கள் தலைமையாசிரியர் கிருஷ்ணப்பா நல்லவர்தான். உத்தரவை நீட்டியபோது, "ஏனு மாடோதும்மா, என்ன செய்வது, சற்று அனுசரித்துப் போயிருக்கலாம்" என்றார். "யாரை சார் அனுசரிக்கணும்?" என்று நான்தான் கேட்டேன்.

சின்னத்தாயி அழவில்லை. நேரே எல்லம்மாவின் வீட்டுக்குப் போனாள். "இவளை என்னோட அனுப்பு. அங்க எவனாவது இவ பக்கத்துல இடம் விட்டு உக்காந்தா என்கிட்ட சொல்லு" என்றாள். அந்த அம்மா எல்லம்மாவின் தலையை வாரிப் பின்னி அனுப்பினாள். அன்று முதல் இரண்டு பேரும் மார்க்கெட்டில் பஸ் மாறி, பொம்மனஹள்ளி போய் வந்தார்கள். மழைக்காலத்தில் பஸ் நின்றுபோனால் நடைதான். அங்கே கன்னடப் பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகளும் ஒரே அறையில். ஆழத்தார் அங்கே கன்னடம் பேசினார்கள்.

'மணிக்கூண்டு' தொடர் வைத்தீஸ்வரன் பேரில் புத்தகமாக வந்தது, கொட்டிகளோடு. ஒரு வருஷம் எங்கள் பள்ளிக்கே பரிசுப் புத்தகமாக வந்து சேர்ந்தது. என் கையால் கொடுக்க மாட்டேன் என்றேன். கிருஷ்ணப்பா, "அதில் என்னம்மா அப்படி இருக்கிறது?" என்றார். அந்தப் பக்கத்தை எடுத்து அவர் முன்னாலேயே படித்தேன். கேட்டு முடித்ததும் புத்தகக் கட்டைத் திருப்பி அனுப்பச் சொன்னார். பிள்ளைகளுக்கு அந்த வருஷம் பேனா கிடைத்தது.

எல்லம்மா எட்டாவது தேறினாள், எஸ்.எஸ்.எல்.சி.யும் தேறினாள். அறுபத்தாறில் நர்ஸ் பயிற்சிக்குச் சேர்ந்தாள்.

அந்த வருஷம்தான் சந்தானம் சின்னத்தாயியின் வீட்டுக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன். தலை நரைத்திருந்தது; பத்திரிகையும் படுத்துவிட்டது போலிருந்தது. "பத்திரிகையைத் திரும்ப ஆரம்பிக்கப் போறேன். ஆழத்தாரைப் பத்தி மறுபடி எழுதுங்கோ. இந்தத் தடவை ஒரு எழுத்தைத் தொட மாட்டேன்" என்றார்.

"முதல் இதழ்ல, அன்னிக்கு நீங்க செஞ்சது தப்புன்னு உங்க பேர்ல போடுவீங்களா?"

"பழசையெல்லாம் எதுக்குக் கிளறணும், டீச்சர்?"

"அப்ப நான் எழுதலை."

அவர் என்னைப் பார்த்தார், நான் ஏதாவது சமாதானம் சொல்வேன் என்று. நான் எழுந்து போய்க் கதவை அகலத் திறந்தேன். செருப்பை மாட்டிக்கொண்டு அவர் இறங்கிப் போனார். சின்னத்தாயி கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"ஒம்போது வருஷம் ஆச்சு ருக்மிணி," என்றாள். "இன்னும் ஆறலை."

"ஆற வேண்டாம்," என்றேன்.