காதுகுத்து வீட்டில் ஒரு நாக்குச் சோதனை

என் நாக்கு சுருளும். இரண்டு ஓரத்தையும் மேலே தூக்கி, நடுவில் தண்ணீர் ஓடுகிற வாய்க்கால் மாதிரி குழித்துக் காட்டுவேன். பத்து வயதில் பள்ளிக்கூடத்தில் எனக்கு இதனால் நல்ல பேர் இருந்தது. பெற்றவர்களையே சந்தேகப்பட வைக்கிற வித்தை இது என்பது ஒரு புத்தகம் வீட்டுக்குள் வந்த பிறகுதான் தெரிந்தது.

புத்தகத்தைக் கொண்டுவந்தவர் அப்பா. தொண்ணூறுகளின் நடுவில் சூலூரில் தறிக்குப் போய்க்கொண்டிருந்தார். ஷிப்டு முடிந்து வருகிற வழியில் கிளை நூலகத்தில் நுழைந்து பேப்பர் பார்ப்பது அவருக்கு டீ குடிப்பது மாதிரி. அந்த முழுப்பரீட்சை லீவில் எனக்கென்று ஒரு உயிரியல் புத்தகத்தை எடுத்து வந்தார். உள்ளே படம் நிறைய இருந்தது என்பதுதான் எடுத்ததற்குக் காரணம். ஆனால் தறிக்காரர்களிடம் அவர் சொன்னது வேறு.

"என்ற புள்ள உயிரியலெல்லாம் படிக்குதுங்க."

"அப்ப டாக்டருக்கே படிக்க வெச்சுப்போடுங்க" என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அன்றைக்கு வீட்டுக்குத் தேங்காய் பன் வந்தது.

அந்தப் புத்தகத்தின் முதல் அத்தியாயத்தில் செடியும் இல்லை, பூச்சியும் இல்லை. அறிவியல் எப்படி நடக்கிறது என்பதைத்தான் சொல்லியிருந்தார்கள். யார் சொன்னாலும் அப்படியே நம்பிவிடாதே, வாத்தியார் சொன்னாலும் சரி. நீயே சோதித்துப் பார், பிறகு ஒத்துக்கொள். இதுதான் சாரம். பத்து வயதுப் பிள்ளையிடம் கொடுக்கிற சேதியா அது? எறும்புக்குச் சர்க்கரையும் உப்பும் தனித்தனியாக வைத்துப் பார்த்தேன். ஈரத்துணியில் அவரை விதையைச் சுற்றி அம்மாவின் மசால் டப்பாவுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். பல் விளக்கினால்தான் சாப்பாடு என்று அம்மா சொன்னபோது, விளக்காவிட்டால் என்ன ஆகும் என்று பார்க்கலாமே என்றேன். என்ன ஆகும் என்பதை அம்மா அங்கேயே, அப்போதே, என் முதுகில் செய்து காட்டினாள்.

பாதிப் புத்தகம் தாண்டியதும் பரம்பரை வந்தது. மூக்கும் முடியும் கண்ணின் நிறமும் பெற்றவர்களிடமிருந்து வருகின்றன என்று படம் போட்டுச் சொல்லிவிட்டு, நாக்கைச் சுருட்டுவதும் அப்படித்தான் என்று எழுதியிருந்தது. தாய், தகப்பன் இருவரில் ஒருவருக்காவது நாக்கு சுருள வேண்டும். இருவருக்கும் வராவிட்டால் பிள்ளைக்கு வரவே வராது.

என் நாக்கைப் பற்றிப் புத்தகத்திலேயே போட்டிருக்கிறது என்று எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. தலைமுடியெல்லாம் பஞ்சுத் தூசியோடு அப்பா வந்து உட்கார்ந்ததும் நாக்கை நீட்டச் சொன்னேன். நீட்டினார். சுருட்டச் சொன்னேன். கண்ணைச் சுருக்கினார், மூக்கைச் சுருக்கினார், நாக்கு மட்டும் தோசைக்கரண்டி மாதிரி தட்டையாகக் கிடந்தது. சரி, அம்மாவுக்கு வரும் என்று அடுப்படிக்கு ஓடினேன். அம்மாவுக்கும் தட்டை.

அந்த வரியைத் திரும்பத் திரும்ப வாசித்துப் பார்த்தேன். எப்படி வாசித்தாலும் அதே கணக்குத்தான் வந்தது. நான் இவர்களுக்குப் பிறக்கவில்லை.

இதில் இன்னொரு சங்கடமும் இருந்தது. சிங்காநல்லூரில் லேத்துப் பட்டறை வைத்திருந்த தாய்மாமன், எனக்குப் பேசத் தெரிந்த நாளிலிருந்து என்னைச் சீண்டிக்கொண்டேயிருந்தவர். "உன்னத் தவுட்டுக்குத்தான் வாங்குனோம் அம்மணி. அவன் ஒரு மூட்டை தவுடு கேட்டான். உன்ற மூஞ்சியக் காட்டித்தான் அரை மூட்டைக்குக் கொறச்சோம்" என்பார். இத்தனை நாளும் நானும் சளைக்காமல் பதில் சொல்லிவந்தேன். இப்போது மாமா சொன்னதையே அச்சடித்த புத்தகமும் வேறு மாதிரி சொல்கிறதே!

அந்த வாரமே அவிநாசியில் சித்தி மகனுக்குக் காதுகுத்து. ஒறம்பரை, சொந்தபந்தம் அத்தனை பேரும் கூடுகிற இடம். என்னைப் பெற்றவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கக்கூடும் என்று எனக்கு ஒரு யோசனை. நாக்கு சுருளுகிற புருஷன் பெண்டாட்டியைக் கண்டுபிடித்துவிட்டால் தீர்ந்தது.

ஆனால் பெரியவர்களைப் பார்த்து நாக்கை நீட்டினால் எங்கள் பக்கம் தோலை உரித்துவிடுவார்கள். அதனால் நான் நீட்டவில்லை. அவர்களை நீட்டச் சொன்னேன், மரியாதையாக.

"ஏனுங்க, சித்த நாக்கை நீட்டுறீங்களா?"

முதலில் மாட்டியவர் பந்தலில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர். அப்பா சொன்ன டாக்டர் கதை அதற்குள் அவிநாசி வரைக்கும் வந்திருந்தது போல. சிவக்கச் சிவக்க நாக்கை நீட்டிவிட்டு, "சாப்புட்டா நெஞ்சு கரிக்குதுங்க அம்மணி, அதுவும் நாக்குல தெரியுதுங்களா?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்தவர் தனக்கு மஞ்சள் காமாலை இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் பந்தலில் பாதிப் பேர் நாக்கை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தாய்மாமன் மடியில் காதுகுத்துக்குக் காத்திருந்த சித்தி மகன் அந்தக் காட்சியைப் பார்த்து, ஊசி வருவதற்கு முன்பே வீறிட்டு அழுதான்.

"ஏம்புள்ள, காது குத்துற எடத்துல நாக்கையும் குத்தோணுமா?" என்று மாமா கத்தினார்.

தேடியது கிடைத்தே விட்டது. சித்திக்கு நாக்கு சுருண்டது. சித்தப்பாவுக்கு என்னைவிட அழகாகச் சுருண்டது. அவர்கள் வீட்டில் கலர் டிவியும் இருந்தது. எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பந்தியில் அம்மா பக்கத்து இலையைக் காட்டிக் கூப்பிட்டாள். நான் போய்ச் சித்தப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். லட்டு வைத்தார்கள். தொடவில்லை.

சூலூர் பஸ்ஸில் அம்மா கேட்டாள். "சித்தப்பா பக்கத்துல போயி ஒக்காந்தயே, என்னாச்சு கண்ணு?"

"நான் உனக்குப் பொறக்கலையா?" என்று கேட்டுவிட்டு அழ ஆரம்பித்தேன். நாக்கு, புத்தகம், சித்தி, தவிடு எல்லாவற்றையும் அழுகையோடு கலந்து கொட்டினேன். அம்மா முதலில் சிரித்தாள். பிறகு தன் தம்பியை அந்த பஸ்ஸிலேயே காது கூசும்படி திட்டினாள். அப்புறம் என் முகத்தைத் திருப்பிச் சொன்னாள்.

"உன்னப் பெத்தது நானு. அது எனக்குத் தெரியாதா? நான் அங்கதான இருந்தேன்?"

"அது நீ சொல்றது. ஆரு சொன்னாலும் நம்பக்கூடாது. சோதிக்கோணும்."

முன் சீட்டில் இருந்த அப்பா திரும்பினார். "புஸ்தகத்துல தப்பாப் போட்டிருந்தா?"

"அச்சடிச்சிருக்குதுப்பா!" என்றேன். யார் சொன்னாலும் நம்பாதே என்ற புத்தகத்தை நான் அவ்வளவு நம்பினேன். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு வீட்டில் சின்னச் சின்ன மாற்றங்கள். ஆணியில் தொங்குகிற அப்பாவின் சவரக் கண்ணாடி அடுப்படிக்குப் போயிருக்கும். "என்ற கண்ணாடி எங்க?" என்று அப்பா கன்னத்தில் நுரையோடு தேடுவார். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பாள். நான் உள்ளே போனால் சட்டென்று சட்டியைக் கிண்டுவாள். ஒருநாள் இரண்டு விரலை வாய்க்குள் விட்டு என்னவோ அழுத்திக்கொண்டிருந்தாள். பல்வலி என்றாள். காரக் குழம்பு வேண்டாமென்று சில நாள் மோர்ச் சோறே சாப்பிட்டாள். எனக்கு அதெல்லாம் உறைக்கவில்லை. அவள் என் அம்மாதானா என்கிற யோசனையில் இருந்தவளுக்கு, அவள் என்ன சாப்பிட்டால் என்ன?

நூலகத்துக்குப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய நேரம். வாசல் தெளித்துவிட்டு உள்ளே வந்த அம்மா, என் முன்னால் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தாள்.

"இங்க பாரு."

நாக்கை நீட்டினாள். ஓரம் இரண்டும் நடுங்கின. இடது ஓரம் எழுந்தது. வலது ஓரம் யோசித்தது, விழுந்தது, மறுபடி எழுந்தது. என்னுடையது மாதிரி வாய்க்கால் இல்லை. பாத்திக்குக் கட்டுகிற சின்ன வரப்பு. ஆனாலும் சுருள்தான். நான் விரலை வைத்து அமுக்கிப் பார்த்தேன். நீயே சோதித்துப் பார் என்றுதானே புத்தகம் சொல்லியிருந்தது?

"அன்னிக்கி ஏன் வருல?"

"அன்னிக்கி அவசரத்துல ஒழுங்கா நீட்டல கண்ணு."

அந்தக் குதி குதித்தேன். அப்பாவை எழுப்பிக் காட்டினேன். பக்கத்து வீட்டு அக்காவைக் கூட்டிவந்து காட்டினேன். புத்தகம் சொன்னது சரி, நான் எங்கள் அம்மாவுக்குப் பிறந்தவள், இரண்டும் சேர்ந்தே நிரூபணமாகிவிட்டன என்று தெருவுக்கே அறிவித்தேன். அப்பா புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்ததை எடுத்து வந்தார்.

பத்தாவதோடு என் படிப்பு நின்றது. புத்தகம் வாசிப்பது நிற்கவில்லை. எத்தனையோ வருஷம் கழித்து வேறொரு புத்தகத்தில் அந்த நாக்கு மறுபடி வந்தது. நாக்குச் சுருளை அப்படிப் பரம்பரைக் கணக்கில் அடக்க முடியாதாம். அச்சில் வார்த்தது போல் இருக்கும் இரட்டைப் பிள்ளைகளிலும் ஒருவருக்கு வரும், மற்றவருக்கு வராது. தட்டை நாக்குப் பெற்றோருக்குச் சுருள் நாக்குப் பிள்ளை பிறக்கும். வராத சிலருக்குப் பழகினால் வந்துவிடுவதும் உண்டு. பார்த்தார்கள், ஒத்துவரவில்லை, பழையதை விட்டுவிட்டார்கள். அறிவியல் அப்படித்தான் நடக்கிறது என்று அதில் எழுதியிருந்தது. அப்போதுதான் அந்தச் சவரக் கண்ணாடியும் மோர்ச் சோறும் எனக்கு ஞாபகம் வந்தன. புத்தகம் ஜெயித்ததென்று நான் தெருவெல்லாம் ஓடிச் சொன்ன அந்தக் காலையில்தான் அது தோற்றிருக்கிறது. எங்கள் வீட்டு நடையில், குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, அதைத் தோற்கடித்தது அம்மா.

அன்றைக்கு அதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? அந்த வாரம் முழுக்க அம்மா கடைக்காரரிடம், தறிக்காரர் வீடுகளில், பார்க்க வந்த தன் தம்பியிடம் என்று யாரையும் விடாமல் நாக்கைச் சுருட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் அப்படியொரு பெருமையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எனக்குப் பிறந்ததிலிருந்தே வருகிற ஒரு சாதாரண விஷயத்துக்குப் போய் அம்மா ஏன் இவ்வளவு அலட்டிக்கொள்கிறாள் என்று எனக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.