பத்தாம் பாகம் பாக்கி

கையில் எது கிடைத்தாலும் அதன் பேரைச் சுரண்டிவிட்டுத் தான் வைத்த பேரை ஒட்டுவது அப்பாவின் பழக்கம். மகளுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து வீட்டில் சர்க்கரை இருந்த டப்பாவின் மேல் 'சலவைச் சோடா' என்று எழுதியிருந்தது. எறும்பு வராமல் இருக்கவாம்.

"எறும்புக்குப் படிக்கத் தெரியாதுங்க," என்று அம்மா சொல்லிப் பார்த்தாள்.

"உன் தம்பிக்குத் தெரியுமில்ல," என்றார் அவர்.

'சர்க்கரை' என்று எழுதிய டப்பாவில் என்ன இருந்தது என்பது அந்தத் தம்பி தானே காபி கலந்து குடித்த அன்றைக்குத் தெரிந்தது. அதற்கப்புறம் மாமா அக்கா வீட்டில் தண்ணீரைக்கூட மோந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தார்.

லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனி ஒன்றில் உதிரிபாகங்களை வைத்திருக்கும் அறைக்கு அவர் பொறுப்பு. எட்டாவதோடு படிப்பை விட்டவர். எல்லோரும் அவரை 'ஸ்டோர்' என்றுதான் கூப்பிட்டார்கள். கம்பெனி கொடுத்த பாக நம்பர்களை அவர் மதித்ததே கிடையாது. ஒரு அலமாரியில் 'பெரியவன்', அடுத்ததில் 'பெரியவன் தம்பி', எண்ணெய் கசியும் சாமான்கள் இருந்த தட்டில் 'அழுமூஞ்சி' என்று எழுதி ஒட்டியிருந்தார். பட்டம் வாங்கிய மெக்கானிக்குகள் ஜன்னலுக்கு வெளியே வரிசையில் நிற்பார்கள்.

"அண்ணே, கதவு ரோலர் ஒண்ணு."

"எதுக்கு?"

"லிஃப்டுக்குத்தான். பல்லு குத்தவா கேப்பாங்க?"

"வாய் நீளுது. போய் ஒரு டீ சொல்லிட்டு வா, அதுக்குள்ள தேடி வைக்கிறேன்."

தேட ஒன்றும் இருக்காது. கண்ணை மூடிக்கொண்டு எடுத்துவிடுவார். ஆனாலும் காக்கவைப்பார். வாழ்க்கையில் அவரைப் பார்த்து நாலு பேர் கெஞ்சிய இடம் அந்த ஜன்னல் ஒன்றுதான்.

பிறகு ஒரு புது மேனேஜர் வந்தார். எல்லாச் சாமானுக்கும் கோடு கோடாய்ச் சீட்டு ஒட்டினார்கள். கருவி 'பீப்' என்றால் எந்தச் சாமான் எந்தத் தட்டில் என்று திரை சொன்னது. ஜன்னலை எடுத்துவிட்டு மேசை போட்டார்கள். அவரை வாசல் கேட்டுக்கு அனுப்பி, வந்து போகிற வண்டிகளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். ஓய்வு பெறும்வரை அங்கேதான் உட்கார்ந்திருந்தார். போகும்போது கம்பெனி கழித்துப்போட்ட கம்ப்யூட்டர் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். பிரிவுபசாரமாம். "நாய்க்கு எலும்பு போட்ட மாதிரி," என்றாள் அம்மா. அவர் அதைத் துடைத்து, கூடத்தில் வைத்து, அதில் மின்புத்தகங்களைச் சேர்க்கத் தொடங்கினார்.

சேர்த்தாரே தவிர, படிக்கிறவள் அம்மா. சலவைக்கடையில் இஸ்திரி போட்டுக்கொண்டே கடைக்கு வரும் வாரப் பத்திரிகைகளைப் படித்துத் தீர்த்தவள். அவள் கண் உள்ளுக்குள் தேய்ந்துகொண்டிருந்தது. அச்சுப் புத்தகம் முடியாமல் போனது. மகள் தன் முதல் சம்பளத்தில் ஒரு பழைய வாசிப்புக் கருவியை வாங்கிக் கொடுத்தாள். எழுத்தை வேண்டிய அளவுக்குப் பெரிசாக்கலாம். திரைக்கு நாலே வரிதான் விழும். அம்மாவுக்கு அது போதும்.

கிடைத்ததையெல்லாம் அவர் இறக்கினார். ஆனால் அங்கேயும் பேர் மாற்றினார். 'மழையன்னைக்கி எறக்கினது.' 'மூக்கு நீளமானவன் கதை.' 'இதுவும் அதே ஆள்.' அம்மா ஒரு துப்பறியும் தொடர்கதையில் சிக்கியிருந்தாள். விடுதி நடத்தும் ஒரு விதவை, தன் விடுதியில் நடந்த கொலையைத் துப்புத் துலக்குகிறாள். பத்துப் பாகம். எப்போதோ நின்றுபோன பதிப்பகம். யாரோ ஒரு வாசகர் பக்கங்களைப் படம் பிடித்து வலையில் ஏற்றியிருந்தார், அந்த வலைத்தளமும் பிறகு மூடப்பட்டுவிட்டது. ஒரு பாகம் முடிந்ததும் அடுத்ததற்கு அம்மா அவரிடம் போய் நிற்க வேண்டும்.

"என்னங்க, அடுத்தது."

"அதுக்குள்ளயா? மாடு புல்லு மேயற மாதிரி மேயறியே. முதுகைக் கொஞ்சம் தேச்சுவிடு, பாக்கலாம்."

தேய்த்துவிடுவாள். மறுநாள் கிடைக்கும். சில தடவை வேறு கதை கிடைக்கும். "நாய் வைக்கோற்போர்ல படுத்த கதைதான்," என்று அம்மா மகளிடம் போனில் சொல்வாள். "தானும் தின்னாது, மாட்டையும் தின்ன விடாது."

மகள் அந்தக் குடும்பத்தின் முதல் பட்டதாரி. வேறு ஊரில் காப்பீட்டு அலுவலகம் ஒன்றில் வேலை. படித்த படிப்பு வீட்டில் ஒருவருக்காவது உதவட்டும் என்று நினைத்தாள். ஒரு விடுமுறைக்கு வந்தபோது, மின்புத்தகங்களை ஒழுங்குபடுத்தும் மென்பொருள் ஒன்றை அந்தக் கம்ப்யூட்டரில் போட்டாள். அத்தையும் அவள் பிள்ளைகளும் வந்திருந்த நாள் அது.

திரையில் அவருடைய கோப்புப் பேர்களை ஓடவிட்டு மகள் சத்தமாகப் படித்தாள். "'கிழவி சாவு, நல்லாருக்கு.' 'தெரியாது.' 'தெரியாது ரெண்டு.' 'தங்கச்சி புருஷன் மாதிரி திருடன்.'"

அத்தை முகம் சுருங்கியது. பிள்ளைகள் உருண்டு புரண்டு சிரித்தார்கள்.

"ஒரே புத்தகம் நாலு தடவை இருக்குப்பா. இது லைப்ரரி இல்ல, குப்பைத்தொட்டி," என்றாள் மகள்.

எல்லோரையும்விட அவர்தான் உரக்கச் சிரித்தார். அந்தச் சிரிப்பின் அளவைப் பார்த்தாவது அவள் உஷாராகியிருக்க வேண்டும் என்று பின்னால் பல தடவை நினைத்துக்கொண்டாள். அன்றைக்கு நினைக்கவில்லை. விளக்கிக்கொண்டே போனாள். மூன்று விதமாக எழுதப்பட்ட ஒரே ஆசிரியரின் பேரை அது ஒன்றாக்கும். தொடர்கதையைப் பாக வாரியாக நிறுத்தும். ஒவ்வொன்றுக்கும் அட்டைப்படம் வைக்கும். அம்மாவின் கருவிக்கு ஏற்ற வடிவத்துக்கு மாற்றிக் கொடுக்கும். படித்தது எது, படிக்காதது எது என்று குறித்துக்கொள்ளலாம். அட்டைகளைப் பெரிசாக்கி, முன்பின் தெரியாத ஒருவரும் இரண்டு தட்டலில் எடுக்கும்படி வைத்தாள்.

"பாத்தீங்களா? இனிமே அம்மாவே எடுத்துக்கலாம்."

"அப்ப நான் எதுக்கு?" என்றார் அவர்.

வேடிக்கை என்று எல்லோரும் சிரித்தார்கள்.

மென்பொருள் எல்லாவற்றையும் தன் இடத்துக்குப் பிரதி எடுத்துக்கொண்டதால், இடத்தை அடைக்கிறதே என்று பழைய குவியலை அவளே அழித்தாள். போகும்முன் அவரிடம் ஒன்றே ஒன்றைச் சொன்னாள்: "இந்த ஃபோல்டருக்குள்ள போய் மட்டும் கை வைக்காதீங்கப்பா. பேரை மாத்தினா அதுக்குப் புத்தகம் எங்கன்னு தெரியாமப் போயிடும்." குழந்தையிடம் சொல்லும் குரலில் சொன்னாள்.

சில வாரம் அம்மாவுக்குப் பொற்காலம். யாரையும் கேட்காமல் படித்தாள். அவர் கூடத்தில் உட்கார்ந்து அவள் தானே எடுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பதாம் பாகம் முடிகிற சமயத்தில் டாக்டர் கண்ணில் அறுவை செய்ய நாள் குறித்தார். இருக்கிற பார்வை தங்கலாம், போகவும் போகலாம் என்று மறைக்காமல் சொல்லிவிட்டார். கதையில் கொன்றது மாடியறை டாக்டர்தான் என்பது அம்மாவின் முடிவு. "அதை மட்டும் என் கண்ணால பாத்துட்டா போதும். அப்புறம் இந்த டாக்டர் என்ன வேணா வெட்டட்டும்," என்றாள்.

மறுநாள் போன் வந்தது. "பத்தாவது தொறக்க மாட்டேங்குது."

மகள் விடுப்புப் போட்டு வந்தாள். அட்டைகள் திரையில் வரிசையாக நின்றன. எதைத் தட்டினாலும் கோப்பு இல்லை என்றது. உள்ளே போய்ப் பார்த்தாள். எல்லாப் புத்தகங்களையும் வெளியே இழுத்து ஒரே இடத்தில் கொட்டியிருந்தது. அத்தனைக்கும் ஒரே பேர். 'அவளுக்கு.' பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஒரு நம்பர். ஆயிரக்கணக்கில் 'அவளுக்கு', 'அவளுக்கு', 'அவளுக்கு'.

"என்னப்பா செஞ்சிருக்கீங்க?"

"பேர் வச்சேன்."

"எல்லாத்துக்கும் ஒரே பேரா? இதுல பத்தாம் பாகம் எது?"

"எனக்குத் தெரியும்."

"எது?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "படிக்கிறவ வந்து கேக்கட்டும். ஸ்டோருக்கு ஒரு மரியாதை வேணாம்?"

கதவுக்கு அந்தப் பக்கம் அம்மா இருந்தாள். எல்லாம் கேட்டது. எழுந்து வருவாள், வழக்கம்போல நிற்பாள் என்று மகள் எதிர்பார்த்தாள். அம்மா வரவில்லை.

"அம்மா, ஒரு வார்த்தை கேட்டுடேன். வீம்புக்கு இதுவா நேரம்?"

"முப்பது வருஷம் கேட்டாச்சு," என்றாள் அம்மா. குரலை ஏற்றவில்லை, ஆனால் கூடத்துக்குக் கேட்கும்படி சொன்னாள். "குருடியாப் போனாலும் போவேன். இனிமே கேக்க மாட்டேன்."

மகள் கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். அந்தத் தொடர்கதை படம் பிடித்த பக்கங்கள் என்பதால் உள்ளே தேட எழுத்துக் கிடையாது. ஒவ்வொன்றும் திறக்க அந்தக் கிழட்டுக் கம்ப்யூட்டர் முனகியது. சாயங்காலம் கையை உதறினாள். "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் ஏன் சாகணும்?" என்று பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

அறுவை நடந்தது. கட்டைப் பிரித்தபோது அம்மாவுக்கு வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் தெரிந்தது.

அதற்குப் பிறகுதான் அவர் நாற்காலியை அம்மாவின் கட்டில் அருகில் இழுத்துப் போட்டார். "கேளு. பத்தாம் பாகம். படிக்கிறேன்," என்றார்.

"கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா?" என்றாள் அம்மா. ஆனாலும் கேட்டாள். காதாவது இருக்கிறதே.

எட்டாவது படித்தவரின் தடுமாற்றத்தோடு அவர் படித்தார். விதவை மாடியறைக்குப் போனாள். அங்கே ஒரு அலமாரி இருந்தது. அலமாரியில் மூன்று தட்டு. மேல்தட்டில் பெரிய போல்ட்டுகள், நடுத்தட்டில் வாஷர்கள். விதவை எல்லாவற்றையும் சரிபார்த்தாள். ஒரு வாஷர் குறைந்தது.

"நிறுத்துங்க," என்றாள் அம்மா. "விடுதிக்காரிக்கு வாஷர் எதுக்குங்க?"

அவர் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

"கையில என்ன வச்சிருக்கீங்க?"

"புக்கு."

அம்மா கையை நீட்டித் தடவினாள். கருவி அணைந்து குளிர்ந்து கிடந்தது.

"ஏமாத்தறதையாவது ஒழுங்கா ஏமாத்தத் தெரியணும்," என்றாள். "எது பத்தாம் பாகம்னு உங்களுக்குத் தெரியவே தெரியாது. இல்லையா?"

"தேடிக்கிட்டிருக்கேன்," என்றார் அவர். "கட்டாயம் தருவேன்."

அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். அவர் அந்தக் கம்ப்யூட்டர் முன்னாலேயே நாளெல்லாம் உட்கார்ந்து, ஒவ்வொரு 'அவளுக்கு'வாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். எதுவரை பார்த்தோம் என்பது மறுநாள் மறந்துவிடும். மறுபடி முதலிலிருந்து. அம்மா உதவவில்லை, திட்டவுமில்லை. சாப்பாட்டு நேரத்தில் மட்டும், "ஸ்டோர்ல சாமான் வந்துடுச்சா?" என்று கேட்பாள். அவர் தலை குனிந்து சாப்பிடுவார். ஒரு மத்தியானம் நாற்காலியிலேயே தலை சாய்ந்தது. நெஞ்சு என்றார்கள். திரை எரிந்துகொண்டிருந்ததாம்.

சாவுக்கு வந்த அத்தை, "கடைசிவரைக்கும் படிச்சுக்கிட்டே இருந்தார் என் அண்ணன்," என்று அழுதாள். யாரும் திருத்தவில்லை.

சில மாதம் கழித்து, அலுவலகத்தில் மகள் ஒரு கோப்புக்குப் பேர் மாற்றப் போனாள். எல்லாக் கோப்புகளும் தேர்வாகியிருந்ததைக் கவனிக்கவில்லை. ஒரே நொடியில் அத்தனைக்கும் ஒரே பேர், பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் நம்பர். பக்கத்து மேசைக்காரி எட்டி இரண்டு பொத்தானை அமுக்கினாள். எல்லாம் பழையபடி திரும்பின.

மகளுக்கு அப்போதுதான் புரிந்தது. அப்பா பழிவாங்கவில்லை. தேட வசதியாக எல்லாவற்றையும் வெளியே இழுத்துப் போட்டு, ஒன்றே ஒன்றுக்கு 'அவளுக்கு' என்று பேர் வைக்கத்தான் போயிருக்கிறார், அம்மாவின் பத்தாம் பாகத்துக்கு. கை தவறிவிட்டது. தெரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. குப்பைத்தொட்டி என்று சொன்னவளிடம் எப்படிச் சொல்வார்?

அந்த வாரமே ஊருக்குப் போனாள். மென்பொருளின் உதவிப் பக்கங்களை இந்தத் தடவைதான் ஒழுங்காகப் படித்தாள். கோப்பின் பேர் வெளிச்சட்டை மாதிரி. வடிவம் மாற்றியபோதே மென்பொருள் தலைப்பையும் ஆசிரியரையும் பாக எண்ணையும் கோப்புக்குள்ளேயும் எழுதி வைத்திருந்தது. மொத்தக் குவியலையும் மறுபடி அதற்குள் போட்டாள். ஒரு பிற்பகல்தான் ஆனது. புத்தகங்கள் தத்தம் அட்டையோடு வந்து நின்றன. ஒன்று, இரண்டு, மூன்று என்று தொடர்கதை வரிசையாக வந்தது. கடைசியில் பத்து.

"அம்மா, கிடைச்சிடுச்சு." நடந்ததையெல்லாம் சொன்னாள். அப்பாவின் கை தவறியதையும் சொன்னாள். அம்மா அசையாமல் கேட்டாள்.

"சொல்லியிருக்கலாம்ல அந்த மனுஷன்," என்றாள் கடைசியில். "தப்பாயிடுச்சு, தெரியலன்னு. அதைச் சொல்லாம என்னைக் கெஞ்ச வைக்கப் பாத்தார்."

"படிக்கட்டுமாம்மா? முதல் வரி திறந்து வச்சிருக்கேன்."

"வேணாம்."

"யாரு கொன்னான்னு மட்டுமாவது?"

"வேணாம்னா வேணாம்." அம்மா போர்வையைத் தோள்வரை இழுத்துக்கொண்டாள். "தரேன்னு சொன்னவர் அவரு. தராமப் போனவரும் அவரு. அவர் பாக்கியைக் கட்ட நீ யாருடி? மூடு அதை."

மகள் மூடினாள்.