மருந்தடிக்கிற எஞ்சின் பூட்டிய லொறி

கடல் ஊருக்குள் ஏறி வந்த அன்று என் மகனின் கையைப் பிடித்திருந்தவள் என் மகள்தான். மனைவியை அடக்கினோம். மகனின் மையித்துக் கிடைக்கவில்லை. மகள் உயிரோடு கிடைத்தாள். அன்றிலிருந்து அவள் வாய் திறக்கவில்லை. எட்டு வயது.

சாய்ந்தமருதில், கடற்கரை வீதிக்கு இந்தப் பக்கம் தகரக் கொட்டில்களில் இருந்தோம். கடலுக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவாள். சோறு வைத்தால் தின்பாள். கூப்பிட்டால் பார்ப்பாள். டாக்டர் பொறுக்கச் சொன்னார். பொறுத்தேன்.

மகன் மூத்தவன்; மகள் அவனை நானா என்றுதான் கூப்பிடுவாள். அவனிடம் ரிமோட்டில் ஓடும் விளையாட்டு லொறி ஒன்று இருந்தது. அவனுடைய மாமா கட்டாரிலிருந்து கொண்டுவந்தது. முழங்கை நீளம். ஓட்டுகிற மோட்டர் எரிந்துபோய், கடல் எட்டாத சம்மாந்துறையில் மனைவியின் தங்கச்சி வீட்டில் கிடந்தது. அதனால் தப்பியது. அதை எடுத்துவந்து மகளிடம் கொடுத்தேன். மடியில் வைத்துச் சில்லை விரலால் சுற்றிக்கொண்டே இருந்தாள். இது ஓடினால் பிள்ளை கதைப்பாள் என்று என் மனதில் விழுந்துவிட்டது. பைத்தியம்தான். பிடித்துக்கொள்ள வேறொன்றும் இருக்கவில்லை.

அந்த மோட்டர் கல்முனைக் கடைகளில் இல்லை. எனக்குத் தெரிந்தது போட் எஞ்சின் வேலை. வயலுக்கு மருந்தடிக்கிற மெசின் ஒன்றிலிருந்து சின்னப் பெற்றோல் எஞ்சினைக் கழற்றினேன். லொறியை விட அது பாரம். வைத்ததும் லொறியின் வயிறு தரையில் முட்டியது. மேல் பெட்டியை வெட்டி எறிந்தேன். அடியில் இரும்புப் பட்டை வைத்து, பின் அச்சுக்கு ரப்பர் பெல்ட் போட்டேன். ரிமோட்டால் திருப்ப மட்டும் முடிந்தது. நிறுத்த வழியில்லை.

பக்கத்துக் கொட்டிலில் இருந்தவரும் கடல் தொழில்காரர். போட்டை இழந்தவர். எட்டிப் பார்த்தார்.

"என்ன மச்சான், மண்ணுல மீன் புடிக்கப் போறியா?"

சொல்லிவிட்டு, எஞ்சினுக்குக் கயிறு இழுக்க அவரேதான் வந்தார்.

கரைக்கு வரும்போது எங்கள் ஆட்கள் தூரத்திலேயே எண்ணெய்க் குழாயின் டேப்பை அடைத்துவிடுவார்கள். கார்புரேட்டரில் மிஞ்சினதில் போட் வந்து மணலில் ஏறும். எஞ்சின் தானாக நிற்கும். நானும் அப்படியே செய்தேன். எஞ்சின் பிடித்ததும் டேப்பை அடைத்து லொறியைத் தரையில் விட்டேன். கொட்டில் வரிசை முடிய முதல் நின்றுவிடும் என்று நினைத்தேன். தண்ணீரைத் தள்ளிப் போகிற போட் வேறு, அதே எண்ணெயில் சில்லில் உருண்டு தூரம் போகிற சாமான் வேறு. அது புத்தியில் வரவில்லை.

ரிமோட் மகள் கையில். ஒரு தரம் திருப்பினாள். வீதிப் பக்கம் திரும்பியது. மறுபடி திருப்பினாள். தூரம் கூடிவிட்டது, லொறி கேட்கவில்லை. புகை கக்கிக்கொண்டு வீதியில் ஏறியது.

வீதியில் ஆமியின் காவல் சென்ட்ரி. ஆமிக்காரன் எழும்பித் துவக்கை நீட்டினான். ரிமோட்டில் ஓடிவருகிற சாமான் என்றால் அந்தக் காலத்தில் குண்டுதான்.

மகள் ரிமோட்டை எறிந்துவிட்டு லொறியின் பின்னால் ஓடினாள். கடலைப் பார்த்து ஓடினாள். நான் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, தெரிந்த சிங்களத்தில் பிள்ளை, பிள்ளை என்று சொல்லிக்கொண்டே ஓடினேன். துவக்கு அவள் முதுகோடு திரும்பியது.

அப்போதுதான் அவள் குரலைக் கேட்டேன்.

"வாப்பா, நானாவப் புடிங்க. நானா போறாரு."

துவக்கு இறங்கியது. லொறி ஈர மணலில் புதைந்து நின்றது. அவள் அதைக் கட்டிப் பிடித்திருந்தாள். எஞ்சின் சுட்டுக் கை கொப்பளித்திருந்தது. விடவில்லை. புடிச்சிட்டேன் என்று சொல்லப் பார்த்தேன். லொறியோடு அவளைத் தூக்கினேன். எங்களுக்கு முன்னால் கடல் சும்மா கிடந்தது.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கதைத்தாள். தண்ணி என்றாள். வாப்பா என்றாள். யுத்தம் முடிந்து சென்ட்ரியைக் கழற்றிவிட்டார்கள். அந்த இடத்தைக் கடக்கும்போது இப்போதும் என் கை மேலே போகப் பார்க்கும்.

மகள் இன்று எல்லாம் கதைக்கிறாள். நானா என்று மட்டும் திரும்பச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.